இப்போது கூப்பிடுவதில்லை

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, என் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தை வாங்கி என் கணவருக்கு முன்னால் வைத்தாள். “அக்கா, இனிமே நீங்க ஊட்டாதீங்க. அவரே சாப்பிடட்டும்” என்றாள். அடிப்பக்கம் நசுங்கிய பித்தளைக் கிண்ணம் அது. சின்னப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், என் வீட்டிலேயே எனக்கு உத்தரவு போட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி மாதக்கணக்கில் ஓசையில்லாமல் கிடந்தது. பக்கவாதம் வந்து என் கணவரின் வலது பக்கம் செயலற்றுப் போயிருந்தது. பேச்சும் குழறியது. குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். சிரமம்தான். ஆனால் கல்யாணமான நாள் முதல் தறிக்கே சொந்தமாயிருந்த மனிதர் அப்போதுதான் முழுசாக என் கைக்கு வந்திருந்தார். இதை யாரிடம் சொல்ல முடியும்?

அவள் மெட்ராஸில் ஆக்குபேஷனல் தெரபி படித்துக்கொண்டிருந்தாள். நோயில் விழுந்தவர்களுக்கு உண்பதையும் உடுப்பதையும் தொழிலையும் திரும்பப் பழக்குகிற படிப்பு. ஆஸ்பத்திரியில் கற்றதை வீடுகளிலும் செய்து பழக வேண்டும் என்று அவளுடைய பேராசிரியை எங்கள் தெருவுக்கு அனுப்பியிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் வருவாள்.

கரண்டிப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கி அவருடைய வலது கையில் கொடுத்தாள். பாதிச் சோறு மடியில் விழுந்தது. அவள் துடைத்துவிடவில்லை, துண்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு நாள், வலது கையின் மேல் இடது கையை வைத்து அழுத்தித் தறிச் சட்டத்தைத் துடைக்கச் சொன்னாள். “இதுக்குப் பேர் என்னண்ணே?” என்று தறியின் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்டாள். என்னிடம் ஜாடையோடு நிறுத்திக்கொண்டவர் அவளுக்காக “நா... டா”, “பா... வு” என்று திக்கித் திக்கிச் சொன்னார். அவள் மாற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். அடுப்பங்கரையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டேன். நோய் வந்தபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் சலவைச் சட்டை கேட்க ஆரம்பித்தார். முகச்சவரத்துக்கு ஆள் அழைத்து வரச் சொன்னார். அவளோ அவரோ தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பயிற்சி முடிகிற வாரம் பேராசிரியை வந்தார். என் கணவர் தானே எழுந்து, சட்டை போட்டு, சாப்பிட்டும் காட்டினார். பேராசிரியை என் பக்கம் திரும்பினார். “வீட்டுல என்னம்மா மாறியிருக்கு? நீங்க சொல்றத வெச்சுத்தான் இந்தப் பொண்ணுக்கு மார்க்கு.”

அவள் வெள்ளைக் கோட்டின் நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“இன்னாத்த சொல்றதுமா? முன்னல்லாம் தண்ணிக்கும் தலகாணிக்கும் என்னத்தான் கூப்டுக்கினே இருப்பாரு. இப்ப கூப்புடறதே இல்ல.”

புகாராகத்தான் சொன்னேன். பேராசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. “இதைவிட என்னம்மா வேணும்!” என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் அப்புறம் பல வருடம் இருந்தார். நெய்ய முடியாவிட்டாலும் நூல் சுற்றிக் கொடுத்தார். கடைசிவரை ஒரு வாய் ஊட்டவிடவில்லை. இன்று அவளை நினைத்தால் நன்றி வருகிறது. ஆனால் முதலில் வருவது நன்றி இல்லை.

அவள் ஊருக்குக் கிளம்பிய நாளில், வாசல் தாண்டாமலிருந்த மனிதர் தெருமுனைவரை நடந்தே வந்தார். அவள் ஏறிய ரிக்‌ஷா நகர்ந்ததும் வலது கையைத் தூக்கினார். தோள்வரைதான் எழுந்தது. தினமும் நான் எண்ணெய் தேய்த்த கை. எனக்காக ஒரு தரம்கூட எழுந்ததில்லை.

திரும்பும்போது அவர் பக்கம் தோளைச் சாய்த்தேன். தலையாட்டி மறுத்தார். “நீ போ. நான்... வந்துக்கினே இருக்கேன்.”

முன்னால் நடந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அதற்குள் அவர் காலை இழுத்து வைக்கிற சத்தத்தை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனேன். அது நின்றபோதெல்லாம், செருப்பைச் சரிசெய்கிறவள்போல நானும் நின்றேன்.