ஆடி கழியட்டும், சறுக்கிக் காட்டுகிறேன்

மெல்பேணில் எங்கள் ஆட்கள் பனி பார்க்கப் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. நாங்கள் இருக்கும் புறநகரான ரோவிலிலிருந்து விடியமுன் ஒரு பஸ் புறப்படும். மலையடிவாரம் வரை எல்லோரும் பாட்டுப் பாடுவார்கள். வளைவுகள் தொடங்கியதும் பாட்டு நின்று, யாராவது சத்தி எடுப்பார்கள். உச்சியில் இறங்கி, ஆளுக்கொரு பிடி பனியை அள்ளி அடுத்தவரின் கழுத்துக்குள் போடுவார்கள். சேலைக்கு மேல் கோட்டுப் போட்ட பெண்கள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். பிறகு பஸ் நிற்கும் இடத்திலேயே புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். பனியோடு செலவழித்த நேரத்தைவிடக் கறியோடு செலவழித்த நேரம்தான் எப்போதும் அதிகம்.

மலை வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, "பார்க்க மட்டும்தானே?" என்பார். அது கேள்வியே அல்ல. எங்களைக் கண்டதுமே அவருடைய கை சறுக்காதவர்களுக்கான சீட்டுக்கட்டுக்குப் போய்விடும். அவரில் பிழை சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் நாங்கள் பார்க்க மட்டும்தான் போனோம். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அந்தச் சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீடு வாங்கி, வரி கட்டி, இந்த மண்ணில் முளைக்கும் புல்லை வெட்டி வெட்டியே இடுப்புப் பிடித்துப்போனவன் நான். என்னை இன்னும் பார்க்க வந்தவன் என்றால் எப்படி?

திரும்பி வரும்போது பஸ்ஸில் எழுந்து நின்று அறிவித்தேன்:

"அடுத்த முறை நான் சறுக்குவன்."

பின் இருக்கையிலிருந்து மனைவியின் தம்பி தலையை நீட்டினான். "அத்தான், ஸ்ரேசன் எஸ்கலேற்றரில கண்ணை மூடிக்கொண்டு வாற ஆள் நீங்கள்."

உண்மைதான். நகரத்து நிலக்கீழ் ரயில் நிலையத்தில் அந்த நீண்ட மின்படி கீழே இறங்கும்போது கண்ணை இறுக மூடி, அடிக்கு வந்த பிறகுதான் திறப்பேன். அந்த ரகசியம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

"அது வேற, இது வேற."

"ஓம் அத்தான். அதில பிடிக்கிறதுக்குக் கைபிடியாவது இருக்கு."

பஸ் முழுவதும் சிரித்தது. சிரிக்காமல் இருந்தது சாரதி மட்டுமே. அவருக்குத் தமிழ் தெரியாது.

ஒரு வருடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறந்தது நான் ஒருவன்தான். கோயில் தேருக்கும் கிரிக்கெட்டுக்கும் பனிக்கும் எங்களுக்கு பஸ் ஒழுங்கு செய்யும் அண்ணை ஒருவர் இருந்தார். பக்திமான். அடுத்த வருடம் ஒரு மாலை அவர் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, ஜூலைக் கடைசியில போவம் எண்டு பாக்கிறன். உமக்குச் சறுக்கல் வகுப்பும் சேர்த்து புக் பண்ணட்டே?"

மறுக்கவும் முடியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் என் வாய்க்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது. அது சொன்னது: "அண்ணை, அது ஆடி மாசமல்லே? ஆடியில புதுசா ஒண்டும் தொடங்கக்கூடாது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "நல்ல காலம் ஞாபகப்படுத்தினீர். ஆவணி பிறக்கட்டும்."

நான் ரிசீவரை வைத்தபோது மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வீடு எங்கட பேருக்கு எழுதினது எந்த மாசம்?"

"ஜூலைக் கடைசி."

"அப்ப அது ஆடியில்லையோ?"

"வீட்டில ஆரும் சறுக்கி விழுறேல்லையே" என்றேன். அவள் கரண்டியோடு திரும்பிப் போய்விட்டாள்.

என் கணக்கு எளிமையானது. அவுஸ்திரேலியாவில் ஜூலைதான் நடுக் குளிர்காலம்; ஆவணி பிறந்தால் குளிர் கழியத் தொடங்கும். அந்த வருடம் பனி மோசம். ஆவணி வரை இழுத்தடித்தால் இருப்பதும் உருகிவிடும். பனி நிலவரம் சொல்ல ஒரு தொலைபேசி எண் இருந்தது. பதிவு செய்த குரலில் ஒரு பெண் காலை தோறும் மலையின் சுகத்தை விசாரித்துச் சொல்லுவாள். வேலைக்குப் போனதும் கோட்டைக் கழற்றாமலே அந்த எண்ணைச் சுழற்றுவேன். கீழ்ச்சரிவுகளில் பனி மெல்லியது. இடையிடையே கல்லும் புல்லும். ஈரப்பனி, மேலே கண்ணாடிபோல் இறுகிய ஐஸ். லிஃப்டுகள் பல மூடியிருக்கின்றன. மழை எதிர்பார்க்கப்படுகிறது. என்ன இனிமையான குரல்! வேலையிடத்தில் சறுக்குப் பைத்தியங்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் நிலவரம் கேட்டு முகத்தைத் தொங்கப் போடுவார்கள். நானும் கூடத் தலையை ஆட்டி, "மிகவும் கவலை" என்பேன். உள்ளுக்குள் தேங்காய் உடைப்பேன்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் சத்தமாகவே சொன்னேன்: "நான் ரெடி. மலைதான் ரெடியில்லை."

"அத்தான் இப்ப மலையிலயும் பிழை பிடிக்கத் தொடங்கிட்டார்" என்றான் மச்சான், வாய் நிறைய ரோல்ஸோடு.

ஆவணி பிறந்தது. அதே கிழமை தென்துருவப் பக்கமிருந்து ஒரு குளிர்காற்று வந்து ரோவில் கூரைகளையெல்லாம் உலுப்பியது. எங்கள் வீட்டுப் புல்லில் ஆலங்கட்டி விழுந்தது. காலையில் எண்ணைச் சுழற்றினேன். அதே பெண், ஆனால் குரலில் கல்யாணக் களை. எல்லாச் சரிவுகளும் திறந்திருக்கின்றன. எல்லா லிஃப்டுகளும் ஓடுகின்றன. மாவு போன்ற புதுப்பனி, இந்தப் பருவத்திலேயே சிறந்த நிலவரம், இன்னும் கொட்டப் போகிறது. பழைய வருடத்துப் பதிவை மாறிப் போட்டுவிட்டார்களோ என்று மறுபடி எடுத்துக் கேட்டேன். இல்லை. ஆடியில் போயிருந்தால் புல்லைக் காட்டித் தப்பியிருப்பேன். ஆடியைத் தள்ளிவைத்து இந்தப் பனியை நானே எனக்கு வரவழைத்திருந்தேன்.

"உம்மட வாக்குப் பலிச்சிட்டுது தம்பி!" என்று அண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு என் உடம்பில் நோய்கள் முளைத்தன. கணுக்கால் உளைந்தது. முதுகு பிடித்தது. ஒரு காதும் அடைத்தது; காதுக்கும் சறுக்கலுக்கும் என்ன தொடர்பு என்று காதுக்கே தெரியாது. பயணத்துக்கு முதல் நாள் மனைவி என் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி சொன்னாள்:

"பயமெண்டா பயமெண்டு சொல்லுங்கோவன். ஒருத்தரும் உங்களைப் பிடிச்சுத் தின்னமாட்டினம். நாங்கள் வழக்கம்போலப் பாத்துப்போட்டு வருவம்."

கோழை என்று ஏசியிருந்தால் வீட்டில் இருந்திருப்பேன். பயப்பட எனக்கு அனுமதி தந்துவிட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பயம்தான்" என்றேன். "செத்த பயம். ஆனா போறன்."

மலை வாசலில் அதே மனிதர் எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் நான் பின்னாலிருந்து, "ஒரு ஆள் சறுக்குகிறார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் திடுக்கிட்டு மற்றச் சீட்டுக்கட்டைத் தேடினார்.

நான் கல்யாணம் கட்டி எத்தனை வருடமோ, சறுக்கல் சொல்லித் தந்த பெண்பிள்ளைக்கு அத்தனை வயதுகூட இராது. "முழங்காலை மடியுங்கள்" என்றாள். மடித்துத்தான் இருந்தேன். ஆனால் சளி பிடிக்கும் என்று மனைவி மூன்று காற்சட்டை போட்டுவிட்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை. பழகுகிறவர்களுக்கான சரிவு அது. கீழே நின்று பார்த்தால் ஒரு பசுமாடு மேய்ந்துகொண்டே ஏறிவிடும். மேலே போய் நின்றால் அதுவே கிணறு.

அடியில் எங்கள் பஸ் முழுவதும் புட்டுத் தட்டோடு கூடிவிட்டது. முதல் முறை தொடங்கமுன்பே விழுந்தேன். அடுத்த முறை பின்பக்கமாகப் போனேன். "அத்தான், முகம் இஞ்சால!" என்று மச்சான் வழி காட்டினான். அதற்கடுத்த முறை காலில் மாட்டிய சறுக்குப் பலகை ஒரு பக்கம் போக நான் மறுபக்கம் போனேன். அண்ணைக்கு மனம் பொறுக்கவில்லை.

"காணும் தம்பி. வாரும், கறி ஆறுது."

"நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை. நான் வரமாட்டன்."

மறுபடி மேலே போனேன். முழங்கால்கள் தந்தியடித்தன. இரண்டையும் நல்ல தமிழில் ஏசிவிட்டுக் கைக்கோல்களை ஊன்றித் தள்ளினேன். இந்த முறை விழவில்லை. பாதி வந்தும் விழவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது: ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நான் மச்சானுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். "விலகுங்கோ!" என்று கத்தினேன். சேலைகள் சிதறின. புட்டு பறந்தது. மச்சான் மட்டும் படம் எடுத்தபடி நின்றான். அவனோடு மோதி, இரண்டு பேரும் ஒரு பனிக்குவியலுக்குள் போனோம்.

"அத்தான்," அடியிலிருந்து குரல் வந்தது, "இதுவும் விழுந்த கணக்குத்தான்."

"நான் விழேல்லை. நீ குறுக்க நிண்டனீ."

மனைவி ஓடிவந்து என் மேலிருந்த பனியையும் தன் தம்பி மேலிருந்த புட்டையும் தட்டிவிட்டாள். சிரித்ததில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "சரி, காட்டியாச்சு. இனிக் கழட்டுங்கோ."

பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். நான் கழற்றவில்லை. மோதியதில் கழன்றிருந்த மற்றக் காலின் பலகையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மேலே இழுத்துச் செல்லும் கயிற்றை நோக்கி வாத்துபோல நடந்தேன்.

"எங்கை போறீங்கள்? பஸ் வெளிக்கிடப் போகுது!"

"வெளிக்கிடட்டும்."

கயிற்றைப் பிடித்தேன். அது இழுத்தது. கால்கள் முன்னையைவிட மோசமாக நடுங்கின. நடுங்கட்டும். பின்னேரம் வரை பலகை என்னுடையது. நடுக்கத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கட்டியிருக்கிறேன்.