அக்சியோன் தேவையில்லை

எந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம், எதை விற்காமல் வைத்திருக்கலாம் என்று கேட்டுக்கொண்டு காரைக்காலில் ஒரு காலத்தில் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் புரோக்கர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வணிகவியல் டீச்சர். எழுபதுகளின் கடைசியில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐம்பது பங்கு வாங்கினேன். அது நன்றாக ஏறியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மறு வாரமே டிராயிங் மாஸ்டர் விண்ணப்பப் பாரத்தோடு என் மேஜை முன்னால் நின்றார்.

என் வழி ரொம்ப எளிது. கம்பெனிக்குக் கார்டு போட்டு ஆண்டறிக்கை வரவழைப்பேன். லாபம் என்று பெரிதாகக் காட்டிவிட்டு டிவிடெண்ட் கொடுக்காதவனை நம்ப மாட்டேன். கடன் வருஷா வருஷம் ஏறுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் கடைத்தெருவில் இறங்கி, அவன் சரக்கு ஓடுகிறதா என்று நேரில் விசாரிப்பேன். சோப்புக் கம்பெனி என்றால் வரிச்சிக்குடி பெட்டிக்கடை வரைக்கும் போய்க் கேட்பேன். "டீச்சர் சோப்பு வாங்க வரலப்பா, சோப்புக் கம்பெனிய வாங்க வந்திருக்காங்க" என்று அந்தக் கடைக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டுமே! நான் சொன்னது பெரும்பாலும் பலித்தது. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊரோடு இருப்பவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மனைவி தவறிவிட்டார். முப்பது வயதில் ஒரே மகள். சிறு வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவள். வீட்டுக்குள் கட்டை ஊன்றி நடப்பாள், ஞாயிற்றுக்கிழமை ரிக்‌ஷா வைத்துக் கோயிலுக்குப் போவாள். மற்றபடி வெளியே வருவதில்லை.

"நான் கண்ண மூடுனா பென்சனும் மூடிக்கும் டீச்சரம்மா. இவ சோத்துக்கு யாரு கையையும் பாக்கக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். நான் மூன்று வாரம் அலசிப் பார்த்து, மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியைச் சொன்னேன். மகள் பெயரிலேயே நூறு பங்கு வாங்கினார்.

அவர் மட்டும் பங்கு என்று சொல்லவே மாட்டார். "பங்குன்னா எங்க கிறிஸ்தவ ஆளுங்களுக்கு சாமியாரு இருக்கற மாதா கோயில் பங்குங்க. கம்பெனிக்காரன் குடுக்கறது அக்சியோன்" என்பார். பிரெஞ்சில் அதற்கு அதுதான் வார்த்தையாம். எனக்கென்ன, எப்படிக் கூப்பிட்டாலும் டிவிடெண்ட் வந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். அரையாண்டுத் தேர்வுத் தாள் என் முன்னால் மலை மாதிரி கிடந்தது. "கம்பெனிலேருந்து கடுதாசி வந்திருக்கு, ஒரு நிமிசம்..." என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடுதாசி எங்கயும் ஓடிடாதுங்க. பத்திரமா வைங்க, அப்புறம் பாக்குறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மனிதர் திரும்பிப் போய்விட்டார். என் முன்கோபத்துக்கு நான் கொடுத்த விலைகளில் அதுவும் ஒன்று.

சனிக்கிழமை காலையில் மீன் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார், முகத்தில் களையே இல்லை. கடுதாசி என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேங்க. அத்தனையையும் இரும்புக் கடைக்காரர்ட்ட குடுத்துட்டேன். கெடச்ச வெலைக்குத் தள்ளிட வேண்டியதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு?"

"அவனே வேணாங்கறானே! கம்பெனி பேரயே மாத்திட்டான். அக்சியோன் இனிமே தேவையில்லன்னு எழுதியே அனுப்பிட்டான். நாளைக்கு ஒண்ணுமில்லாமப் போயிட்டா எம் பொண்ணு கதி?" என்று சட்டைப் பையிலிருந்து கடுதாசியை எடுத்து நீட்டினார்.

படித்தேன். கம்பெனி பெயர் மாறியது உண்மைதான். பழைய பத்திரங்களே செல்லும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: நோ ஆக்‌ஷன் இஸ் ரிக்வயர்ட். ஆக்‌ஷனுக்கும் அக்சியோனுக்கும் எழுத்து ஒன்றுதான். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று இங்கிலீஷ்காரன் எழுதியதை, பங்கே வேண்டியதில்லை என்று பிரெஞ்சுக்காரராகப் படித்திருக்கிறார் மனிதர். உலகத்தில் வேறு எந்த ஊரில் இப்படி ஒரு கூத்து நடக்கும்! சிரிப்பு வந்தது. அது நிலைக்கவில்லை. ஒரே நிமிஷம் வியாழக்கிழமை நான் தலையைத் தூக்கியிருந்தால் போதும், இது நடந்திருக்காது.

விஷயத்தைச் சொன்னேன். மீனாவது ஒன்றாவது, இரண்டு பேரும் இரும்புக் கடைக்கு ஓடினோம்.

கடைக்காரரும் என்னிடம் யோசனை கேட்டுப் பங்கு வாங்கியவர்தான். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தில் தராசை அப்படியே விட்டுவிட்டார்.

"ஏங்க, பாதி வெலைக்கு எழுதி வாங்கிக்கிட்டீங்களாமே? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"டீச்சர், கத்தாதீங்க. நீங்கதான் விக்கச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். உங்களக் கேக்காம இவரு மூச்சுகூட விட மாட்டாரே!" என்றார். அந்தப் பேச்சில் என் கோபம் பாதி இறங்கிப்போனது. பணம் திங்கட்கிழமை தருவதாகத்தான் ஏற்பாடாம். கல்லாவுக்கு அடியிலிருந்து பத்திரங்களையும் டிரான்ஸ்பர் பாரத்தையும் எடுத்து, மறு பேச்சில்லாமல் நீட்டினார். நல்ல மனிதர், பொல்லாப்புச் சொல்லக் கூடாது.

வாங்கி, பாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். விற்பவர் இடத்தில் மகளின் கையெழுத்து தமிழில் இருந்தது. பங்கு வாங்கும்போது என் கண் முன்னால் அவள் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டவள். கம்பெனிக்காரன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பான், மாறியிருந்தால் பாரத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். அதாவது, நாங்கள் ஓடியே வந்திருக்காவிட்டாலும் இந்த விற்பனை நடந்திருக்காது. பாவம், பதற்றத்தில் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்தா வீட்டுக்குப் போனபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரங்களை அவள் முன்னால் வைத்து, "நல்லவேளைம்மா, கையெழுத்த நீயும் தப்பாப் போட்டுட்ட" என்றேன்.

"தப்பா இல்ல டீச்சர், தெரிஞ்சேதான் போட்டேன்" என்றாள். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கான்வென்ட்ல பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ்லதான படிச்சேன்? அந்த வரிக்கு அர்த்தம் இதுதாம்ப்பான்னு மூணு தரம் சொன்னேன். ஒனக்கு என்ன தெரியும்னு சத்தம் போட்டாரு. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். எந்தக் கையெழுத்துன்னு அவரு கேக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் ஒனக்காகத்தானே ஆத்தா. நான் போனப்பறம் நீ..."

"நீங்க போனப்பறம் சரிப்பா. நீங்க இருக்கற வரைக்கும் நான் என்ன பண்றது?"

ஐந்து வருஷத்து லாபத்தையும் கடனையும் அலசிய நான், அந்தப் பங்குகளுக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசல் அறையில் அவள் அப்பாவுக்குத்தான் பாடம் நடத்தினேன். கையெழுத்து மாறினால் பாரம் திரும்பி வரும் என்பதைக்கூட அவள் உள்ளேயிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள். அவள் காபி கலந்து அடுப்பங்கரை மேடையில் வைப்பாள், நாங்கள் எடுத்துக் குடிப்போம். வெட்கமாக இருந்தது எனக்கு.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இதுல இருபத வித்தா, கையால சுத்தி ஓட்டற மூணு சக்கர வண்டி வாங்க முடியுமா டீச்சர்?"

அந்த மருந்துக் கம்பெனி இன்னும் ஏறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யார் கேட்டிருந்தாலும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். "முப்பதா வித்துடு. நல்ல வண்டியா வாங்கலாம்" என்றேன்.

விற்றோம். அந்தப் பங்கு அடுத்த வருஷமே நான் சொன்னபடி ஏறத்தான் செய்தது. இரும்புக் கடைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லி என்னைச் சீண்டுவார். சொல்தா மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வண்டி வந்த முதல் ஞாயிறு மகளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றவர், அவள் போன வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கோயில் வாசலுக்கு வேர்க்க விறுவிறுக்க அரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்.