ஏறி வருகிறவருக்கு வழி

வில்பட்டியில் கேரட் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை ஜெசிந்தா டீச்சர் அடுக்கம் மலைச்சாலையில் சைக்கிளில் ஏறி வந்திருக்கிறார். எதிரே இறங்கிய சுற்றுலாக் கார் மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. வாங்கிய பையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "இந்த வயசுல ரேஸ் பைத்தியம் புடிச்சா இப்படித்தாங்க. வெரசா வந்திருப்பாங்க." சொன்னவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் கடலோரத்துப் பழைய துறைமுக ஊர் ஒன்றில் நடந்த ட்ரையத்லானுக்கு அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். கடலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். மலைக்குளிரில் பழகியவர், கடலில் கால் வைத்ததும், "தம்பி, நமக்கு வெந்நி போட்டு வச்சிருக்காங்க" என்றார். கோட்டைச் சுவரை ஒட்டிச் சாக்கடை ஓடியது. அதன் பக்கத்திலேயே வரவேற்பு வளைவு கட்டியிருந்தார்கள். நீந்தி எழுந்தவர் தலையில் ஒட்டியிருந்த பாலிதீன் பையைப் போடக் குப்பைத்தொட்டி தேடினார். கிடைக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறினார்.

வழியில் நடுவே மேடாக வளைந்த ஒரு குறுகலான பாலம். தண்ணீர் பாட்டிலோடு நான் அங்கே நின்றிருந்தேன். டீச்சர் உச்சி தாண்டி இறங்கும் நேரம், மீன் கூடைகளோடு ஓர் அம்மா மூன்று சக்கர வண்டியை மிதித்து ஏறி வந்தார். டீச்சர் சட்டென்று ஓரங்கட்டி நின்றுவிட்டார். மலைச்சாலையில் இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். நம் ஊர்க் கை தானாக பிரேக் பிடிக்கும். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே முந்தினார்கள். ஒருவன் கூடையை இடித்து மீனைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். டீச்சர் மீனைப் பொறுக்கிப் போட்டு, வண்டியைத் தள்ளியும் விட்டார்.

கடைசியாக வந்து சேர்ந்தவரைப் பார்த்து, போட்டி நடத்தியவர் சிரித்தார். "மீன்காரம்மாவுக்கு வழி விடவா இவ்வளவு தூரம் வந்தீங்க, மேடம்?"

"ஏறி வர்றவங்க நின்னுட்டா மறுபடி கெளப்ப முடியாதுங்க. எறங்குறவங்களுக்கு என்ன கேடு?" என்றார் டீச்சர்.

அவரைத்தான் வேகமாக வந்தார் என்கிறார்கள். அந்தச் செங்குத்தில் சைக்கிள் ஏறுகிறவர் எங்கே வேகமாக வருவது? காரில் பாட்டு அலற இறங்கி வந்தவர்கள் ஒதுங்கவில்லை. காரை விட்டு இறங்கியும், "இந்த ரோட்டுல சைக்கிள் எதுக்கு?" என்றுதான் கேட்டார்களாம். நேற்று அந்தப் போட்டி நடத்தியவர் போன் செய்தார். அடுத்த போட்டி பேனருக்கு 'எங்கள் வீராங்கனை' படம் வேண்டுமாம். அருவருப்பாக இருந்தது. தர முடியாது என்று வைத்துவிட்டேன்.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த பிரேக் பிடிக்கும் கை. இன்று காலை அதே சாலையில் பைக்கில் இறங்கினேன். வாழைத்தார் கட்டிய மொபட் ஒன்று திணறிக்கொண்டு ஏறி வந்தது. ஓரத்தில் நின்றேன். பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திப் பிடித்தது. மொபட் வளைவைத் தாண்டும்வரை நான் நகரவில்லை.