பெற்றோர் பெயர் இல்லாத வரி

ஆஸ்பத்திரியில் பஞ்சு எடுக்கும் இடுக்கியால் அண்ணி அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் தாள்களைப் புரட்டியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கை பட்டால் உதிர்ந்துவிடும் தாள்கள். பங்குச் சாமியார் தன் மேசையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில், அண்ணி பென்னாகரத்தில் நர்ஸாக இருந்தார். தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த நேரம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வரும் உறவினரெல்லாம் பார்க்கும்படி எங்கள் வம்ச வரிசையை எழுதிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டுமென்று அப்பாவுக்கு ஆசை. கோயிலுக்கே நிலம் கொடுத்த பண்ணையார் பரம்பரை நாங்கள் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. மருமகளின் கையெழுத்து அழகானது என்பதால் அவரையே எழுதச் சொன்னார்.

"எழுதறேனுங்க மாமா. பேரெல்லாம் சரிதானான்னு ஒருக்கா பாத்துட்டு எழுதறேன்" என்றார் அண்ணி.

அதன்பின் அவருடைய விடுமுறை நாட்கள் பஸ்ஸிலேயே கழிந்தன. நாத்தனாரான நான் துணைக்குப் போவேன். அப்பாவின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து தாத்தாவின் பதிவுக்கும், அங்கிருந்து கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவுக்குமாக ஊர் ஊராகத் தேடினோம். கிறுக்கல் எழுத்தைக் கண்டு நான் சலித்துக்கொண்டால், "டாக்டருங்க எழுத்தையே படிக்கறேன், இத படிக்க மாட்டனா?" என்று சிரிப்பார். வீங்கிய கால்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கடைசியில் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானம் அகப்பட்டது. தாது வருஷப் பஞ்ச காலம். பெற்றோர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் லத்தீனில் இருந்த குறிப்பைச் சாமியார் மெதுவாகப் படித்துச் சொன்னார்: சாலையோரம் இறந்துகிடந்த தாயின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துவந்தவள் சவேரியம்மாள். கூலிக்காரி, விதவை. இனி அவளே வளர்ப்பாள்.

அண்ணி அந்த வரியைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே கையைப் பிடித்திருந்தார். பஞ்சத்தில் தனக்கே கஞ்சியில்லாத ஒருத்தி இன்னொரு வயிற்றையும் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் நாங்கள் இருக்கிறோம்.

அண்ணி அப்பாவிடம் அன்றே சொன்னார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "இத எழுதாத. சொந்தக்காரங்க சிரிப்பாங்க. நாஞ் சொன்னதையே எழுது."

"பொய்யா எழுத எனக்குக் கை வராதுங்க மாமா. உங்களுக்கு வேணாம்னா எழுதாமயே உட்டுடறேன். ஆனா அந்தம்மா இல்லீன்னா இந்த வூடே இல்லீங்க."

அண்ணி வாதாடவில்லை, யாரிடமும் போய்ச் சொல்லவுமில்லை. அப்பா முகம் கொடுத்துப் பேசாத அந்த வாரங்களிலும், அவருக்கு வேளை தவறாமல் ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுத்தார். உண்மையைக் கண்டுபிடிப்பதைவிட, அதை ஒருவர்மேல் வீசாமல் வைத்திருப்பது கடினம் என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது.

பெண் குழந்தை பிறந்தது. ஷீலா என்று பெயர் முடிவாகியிருந்தது. வம்ச வரிசை எழுதப்படவேயில்லை. ஞானஸ்நானத்தன்று கோயில் நிறைய உறவினர்கள். "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று சாமியார் கேட்டார். அண்ணன் வாய் திறக்கும் முன் பின்னாலிருந்து அப்பாவின் குரல் எழுந்தது.

"சவேரியம்மான்னு வையுங்க சாமி. எங்க தாத்தாவ ரோட்டுல இருந்து எடுத்து வளத்த ஆத்தா பேரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி திரும்பவில்லை. கண்கள் நிறைய, குழந்தையின் தலையைத் தண்ணீருக்குத் தோதாகச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தார்.