நகராட்சி வளைவும் ஒற்றைப் பட்டிழையும்

பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்தால் அது நேராக என் மனைவியின் தலையில்தான் விழும் என்று முழுதாக நம்பினேன். எண்பதுகளின் தொடக்கம், கலியாணமாகி ஆறு மாதம். அவள் அங்கே டைப்பிஸ்ட். அவள் மேஜைக்கு மேலே ஒரு செங்கல் வளைவு, அதன் நடுவில் முடி போல ஒரு விரிசல். மதியம் சோறு கொண்டுபோகும் நான், புதுப் பெண்டாட்டியைப் பார்க்காமல் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்க. சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைச்சிருக்காங்க. மேல பாருங்க, அத்தனையும் தேக்கு உத்திரம்," என்பாள். என் வீட்டைப் பற்றி ஒருநாளும் அவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

"வெல்லம் போட்டா எறும்பு வராதா?"

"வந்தா மொதல்ல உங்களைத் தூக்கிக்கினு போவட்டும்."

தறிக்காரன் மூளை சும்மா இருக்குமா? தறியில் நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஒரு பட்டிழையைக் கொண்டுபோய், மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறி, விரிசலுக்குக் குறுக்கே விறைப்பாக இழுத்து இரு முனையையும் கஞ்சியால் ஒட்டினேன். விரிசல் அகன்றால் இழை அறும். எவ்வளவு அறிவு!

மூன்றாம் நாள் இழை அறுந்து தொங்கியது. நான் போட்ட கூச்சலில் வரி கட்ட வந்தவர்களும் வெளியே ஓடினார்கள். அவள் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துவந்தேன்.

"ஜல்தியா எழுதிக் குடுத்துடு. இந்த வேலையே வேணாம்."

சிரித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது.

"மெய்யாவா சொல்றீங்க?"

பிடித்த கையை நான் விடவில்லை. முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள், அத்தனை பேர் முன்னால்.

"மேஸ்திரி வந்து பாக்கட்டும். கல்லு வெடிச்சிருந்தா வேலையை வுட்டுடறேன். வெடிக்கலைன்னா இந்தப் பேச்சை நீங்க வுட்டுடணும்."

மறுநாள் மேஸ்திரி ஏணி போட்டு, வளைவின் பூச்சைத் தட்டி உதிர்த்தார். உள்ளே செங்கற்கள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நின்றன. ஒரு கீறல் இல்லை.

"மேல்பூச்சுதாங்க வெடிச்சிருக்கு," என்றார்.

"அப்ப இழை ஏன் அறுந்துச்சி?"

"சித்திரை வெயில்ல பட்டு இழையை அவ்ளோ விறைப்பா கட்டினா அறாம இன்னா செய்யும்? தறி நீங்க நெய்யறீங்களா, நான் நெய்யறனா?"

வெயில் காலத்தில் பாவு காய்ந்து அறுவது எங்கள் தெருவில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். மேஸ்திரி அரை நாளில் பூசி முடித்தார். அவள் வேலையை விடவில்லை.