பறக்கிற ராத்தாவும் சம்மாந்துறைக்குப் போன பெட்டியும்

அரைக் காற்சட்டை போட்ட பொம்புளை ஒருத்தியை நான் முதன்முதலாகக் கண்டபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. கடதாசியில்தான் கண்டேன். அதற்கே நெஞ்சு பதறிப் போயிற்று. தொடை தெரிகிறது. முக்காடு இல்லை. முடியைக் கழுத்தோடு கத்தரித்திருக்கிறாள். முதுகில் மஞ்சள் துப்பட்டி ஒன்று காற்றில் பறக்கிறது. இவ்வளவும் போதாதென்று தண்டவாளத்தில் ஓடிவருகிற கோச்சியை ஒற்றைக் கையால் மறித்துக்கொண்டு நிற்கிறாள். மட்டக்களப்புக்குப் போய்க் கோச்சியைக் கண்ணால் பார்த்து வந்தவர்களே எங்கள் தெருவில் கொஞ்சப் பேர்தான். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். பிறகு விரல்களுக்கு இடையால் மிச்சத்தையும் பார்த்தேன்.

அந்தப் படக்கதைப் புத்தகங்கள் கல்முனைக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். மேற்கே காட்டுக்குள் பெரிய அணை கட்டுவதற்கு அமெரிக்காவிலிருந்து வெள்ளைக்காரர் வந்து குடியிருந்தார்கள். உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, அங்கே சாமான் ஏற்றும் லொறி ஓட்டினார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பார்த்து எறிந்த புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அள்ளிவந்து, சீனியும் பருப்பும் சரை சுற்றிக் கொடுக்கக் கடைகளுக்கு விற்பார். கடைக்குப் போகுமுன் மாமாவின் மகன் நல்ல புத்தகங்களைப் பொறுக்கி எடுத்துவிடுவார். எனக்கு அவர் மச்சான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர். அந்தப் பெருமையில் தனக்குத் தெரியாத சொல்லுக்கும் கூசாமல் கருத்துச் சொல்வார்.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இங்கிலீஷ் வாசிப்பாள். எனக்கு மூத்தவள், என் ராத்தா. பெரியபிள்ளை ஆனதும் அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியாயிற்று. மச்சானோடு சேர்ந்து ஊர் மாங்காயெல்லாம் களவெடுத்தவள், இப்போது அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டாலே அறைக்குள் ஓட வேண்டும். ஆகவே புத்தகம் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் என் வேலை. இரண்டு வீட்டுக்கும் இடையே பலகாரம் போய்வரும் மூடி போட்ட ஓலைப் பெட்டி ஒன்று இருந்தது. பலகாரத்துக்குக் கீழே துணி, துணிக்குக் கீழே புத்தகம். உம்மா என்னைத் தங்கமான பிள்ளை, சொல்லுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று மெச்சிக்கொள்வாள்.

புத்தகம் மட்டுமா போய்வந்தது? சண்டையும் போய்வந்தது. மச்சானும் கூட்டாளிமாரும் படக்கதையில் வருகிற அந்தப் பெண்ணுக்குப் பறக்கிற மதினி என்று பேர் வைத்திருந்தார்கள். வேறொரு புத்தகத்தில் பறக்கிற ஆண் ஒருவன் வருவான், அவனுக்கு இவளை இவர்களாகவே கலியாணம் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். ராத்தாவுக்குக் கொதி வந்துவிட்டது. அவள் யாருடைய பெண்சாதியுமில்லை, மரியாதையாகப் பறக்கிற ராத்தா என்று சொல்லச் சொல் என்றாள். பொம்புளை கோச்சியை மறிக்கிறதாவது, சுத்தப் பொய் என்று மச்சான் சொல்லியனுப்பினார். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆம்புள பறக்கிறத நம்பின மனிசனுக்கு, பொம்புள கோச்சி மறிக்கிறத மட்டும் நம்ப ஏலாதாமா? கேட்டுட்டு வா."

கேட்டேன். கூட்டாளிமார் சிரித்த சிரிப்பில் மச்சான் அன்று என்னோடு கதைக்கவேயில்லை.

பிறகு புதிய புத்தகங்கள் வரத் தொடங்கின. அவற்றில் பறக்கிற ராத்தா பறப்பது குறைந்துபோனது. மீசை வைத்த பொலிஸ்காரன் ஒருவன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனை நினைத்து அவள் பக்கம் பக்கமாக அழுதாள். ஒரு புத்தகத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு அவனுக்கு முட்டை பொரித்தாள். இப்போதுதான் இவளுக்குப் புத்தி வந்திருக்கிறது, இனித்தான் கதை நல்லாயிருக்கும் என்பது மச்சானின் கட்சி. ராத்தா அன்று பகல் சோற்றில் கையே வைக்கவில்லை. பறக்கத் தெரிந்தவளுக்கு இதுவா வேலை, நல்லாயிருந்தவளை நாசமாக்கிப் போட்டானுகள் என்று, எங்கோ அமெரிக்காவில் இருக்கிற, முகம் தெரியாத படக்காரனை நாள் முழுக்க ஏசினாள். சமைக்காமல் பசியோடா பறக்கிறது என்று மச்சானிடமிருந்து பதில் வந்தது. அதை நான் அப்படியே ஒப்புவித்தபோது ராத்தா என் காதைத் திருகிவிட்டாள். பதிலைக் கொண்டுவந்தவள் நானாம்.

இந்தச் சண்டை மும்முரமாக நடந்த நாட்களில்தான் ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். சம்மாந்துறையில் நெல் மெஷின் வைத்திருந்த வீடு. வயல், ட்ரக்டர், எல்லாம் இருந்தது. மாப்பிள்ளையின் முதல் பெண்சாதி மௌத்தாகிவிட்டாள், ராத்தாவைவிடக் கொஞ்சம் இளையதாக மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை உம்மா மெல்லிய குரலிலும் ட்ரக்டரைப் பெரிய குரலிலும் சொல்வாள். ராத்தா தனக்கு வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னாள். குமர்ப்பிள்ளை வாய் திறக்கிறதா என்று உம்மா திகைத்துப்போனாள். வாப்பா புடவைக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து, நாளைக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு, ராத்தாவின் அறைக்கே குடி வந்துவிடுவார். எனக்கு இருந்த ஒரே கவலை, அதன் பிறகு புத்தகங்களை எங்கே ஒளிப்பது என்பதுதான்.

அன்று பின்னேரம் மச்சான் புத்தம் புதுப் புத்தகம் ஒன்று கொடுத்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. ராத்தா அதை வாசித்துவிட்டுக் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தாள். பறக்கிற ராத்தா ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டாள். அந்த மீசைக்காரன் கள்ளனாம். நடுப்பக்கம் முழுவதும் ஒரே படம்: அவன் கீழே கிடக்கிறான், அவள் அவன் கழுத்தில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இந்த முறைதான் ஒழுங்காக எழுதியிருக்கிறான் என்றாள் ராத்தா. நான் பார்த்துக்கொண்டிருக்க, புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது ராத்தா ஆளே மாறியிருந்தாள். உம்மா சொல்லாமலே குசினிக்குள் போய், சம்மாந்துறைக்குக் கொண்டுபோகிற பெட்டியில் அரியாரப் பலகாரத்தைத் தன் கையாலேயே அடுக்கினாள். துணி விரித்து, மூடி போட்டு, கட்டியும் கொடுத்தாள். உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை மனம் மாறிவிட்டாள், அல்லாஹ்தான் மாற்றினான் என்று வாப்பாவிடம் சொன்னாள்.

சின்னப் பிள்ளை என்பதால் என்னையும் காரில் ஏற்றினார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் ஆண்கள் பாயில் இருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள். மாப்பிள்ளையின் உம்மா பிஸ்மி சொல்லிப் பெட்டியைத் திறந்தாள். அரியாரத்தைப் பார்த்து நல்ல நிறம் என்றாள். தட்டில் எடுத்து வைத்தாள். துணியை விலக்கினாள்.

அடியில் புத்தக அட்டையின் மஞ்சள் துப்பட்டி தெரிந்தது. அந்த மனுஷி அதைத் தூக்கிப் பார்த்தாள். தணலைத் தொட்டவள் மாதிரிக் கையை உதறினாள். புத்தகம் திரைச்சீலைக்குக் கீழால் வழுக்கி ஆண்கள் இருந்த பாய்க்குப் போய், நடுப்பக்கம் விரிந்தபடி மல்லாந்து கிடந்தது. தொடை, கால், கால்களுக்குக் கீழே மீசைக்காரன். வாசற்படியில் நின்ற மாப்பிள்ளைக்கும் மீசை இருந்தது.

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றது யாரோ. மாப்பிள்ளையின் பெரிய மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றினார். உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வாப்பா எழும்பி வந்து திரைக்கு வெளியே நின்று கேட்டார்.

"இது ஆர்ர புத்தகம்?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையணைக்குக் கீழே இருந்த புத்தகம் சம்மாந்துறைக்கு எப்படி வரும்? ஒருவேளை பழக்கதோஷத்தில் நானேதான் பெட்டிக்குள் வைத்தேனோ? உம்மாவைப் பார்க்கச் சகிக்காமல், "எண்ட" என்றேன். வாப்பா என்னை அதற்கு முன் அடித்ததில்லை. அன்று அடித்தார்.

யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்று பெரிய மாமா சொன்னார். அந்த மனுஷி தட்டில் வைத்த அரியாரத்தை ஒவ்வொன்றாகத் திரும்பவும் பெட்டிக்குள் அடுக்கி, மூடி போட்டு, உம்மாவின் மடியில் வைத்தாள். பலகாரப் பெட்டி எங்கள் பக்கத்தில் வெறுமையாகத் திரும்பக் கூடாது. கொண்டுபோனதை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டு வாழைப்பழமோ சீனியோ போட்டுத்தான் கொடுப்பார்கள். கொண்டுபோன பலகாரமே அப்படியே திரும்பி வந்தால், அதற்கு மேல் யாரும் யோசிக்கப் போவதில்லை. உம்மா கார் வீடு வரும்வரை அழுதாள்.

ராத்தாவின் வாழ்க்கையையே நாசமாக்கிவிட்டேன் என்ற நடுக்கத்தோடு நான் அறைக்குள் போனேன். கன்னம் வீங்கியிருந்தது. ராத்தா அதைத் தடவினாள். நீ ஏன் உன்னுடையது என்று சொன்னாய் என்று கேட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு, பெட்டி நிறைந்தா வந்தது என்று கேட்டாள். நான் ஓம் என்று தேம்பினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, காதோடு கேட்டாள்.

"புத்தகம் எந்தப் பக்கம் கா விரிஞ்ச?"

நடுப்பக்கம் என்றேன். ராத்தா முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிக்கிறாள். குசினிக்குள் போய் அரியாரம் இரண்டு எடுத்துவந்து, ஒன்றை எனக்குத் தந்து, மற்றதைக் கடித்துக்கொண்டே, இந்த முறை அந்தப் படக்காரன் நல்லாத்தான் கீறியிருக்கிறான் என்றாள்.

நான் அரியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். மாப்பிள்ளை போய்விட்டார், உம்மா சுருண்டு படுத்துவிட்டாள், இவள் புத்தகத்துக்குக் கருத்துச் சொல்கிறாள். அதிர்ச்சியில் பாவம் விசர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று தொழுதுவிட்டுக் கையேந்தி, என் ராத்தாவுக்குப் புத்தியைத் திருப்பிக் கொடு ரப்பே என்று அழுது அழுது துஆக் கேட்டேன். என் எத்தனையோ துஆக்களை அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்கியிருக்கிறான். அதை மட்டும் கடைசிவரைக்கும் ஆக்கவேயில்லை, அல்ஹம்துலில்லாஹ்.