வெறும் கட்டங்கள் வந்த கம்பி

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. காபிப் பழ எடையைப் பதிகிற புரோகிராமில் திருத்தம் ஏதும் இருந்தால் சேலத்திலிருந்து டெலிபோன் கம்பி வழியாகவே அனுப்புவார்கள். அது வந்து முடியும்வரை போனைத் தொடக்கூடாது. தொட்டால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

ஒருநாள் மத்தியானம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் நிற்கவில்லை. எஸ்டேட் ஜீப் ஒண்டிக்கடை கடைவீதிக்குப் போயிருந்தது. டிரைவர் நிற்கும் டீக்கடைக்கு ஆபீசிலிருந்து போன் செய்தால் வந்துவிடும். துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, கூட இருந்தவர்களிடம் விட்டு ஓடினேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் படிக்குக் கீழே நிற்பதுதான் எங்களுக்குப் பழக்கம். கணக்கு எழுதும் ரைட்டர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து திருத்தம் வந்துகொண்டிருந்தது; காலையிலிருந்து இரண்டு தடவை அறுந்துவிட்டதாம்.

"ஏனுங்க, ஒரு போன் பண்ணோணுமுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நூத்துக்குத் தொண்ணூறு வந்துருச்சு. செத்த இருங்கம்மா."

நின்றேன். கையிலிருந்த ரத்தம் ஆபீசில் அசிங்கமாகத் தெரியுமே என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்று என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத் தொண்ணூற்றிரண்டு. முந்தானை ஈரமாகிக் கையோடு ஒட்டியது. எப்படி ஏறினேனோ, படியேறி உள்ளே போய்விட்டேன்.

"அவரு ஏணியிலிருந்து உளுந்துட்டாருங்க. எலும்பு வெளிய வந்துருச்சுங்க."

ரைட்டர் திரும்பி என் முந்தானையைப் பார்த்தார். கம்ப்யூட்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கிப் போனில் சொருகினார். ஜீப் வந்தது. காலை எடுக்கவேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிற்பாடு ஒருநாள் ஆபீசைக் கூட்டிப் பெருக்கப் போனபோது, அன்றைக்கு அந்தத் திருத்தம் வர ஏன் அவ்வளவு நேரமானது என்று ரைட்டரே சொன்னார்.

"திருத்துனது ஒரே வரிங்கம்மா. ஆனா மொத்தத்தையும் திருப்பி அனுப்புறாங்க. எடை எழுதுற ரெண்டு இலக்க எண்ணுக்கு முப்பது கட்டம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. மிச்சம் வெறும் கட்டம். அதுவும் கம்பியில வரோணும்."

"பழத்தோட இலையும் குச்சியுமா மூட்டை கட்டுனா எங்களைத் திருப்பி அனுப்புவீங்களேங்க."

அவர் சிரிக்கவில்லை. "நீங்களும் வந்ததும் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்காரருக்கு அந்தக் கால் இன்றும் கொஞ்சம் கட்டைதான். தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரைக்கும் நான் வெளியே நின்றதை அவரிடம் சொல்லவில்லை.